மூளையின் துணைக்கலங்களும் ஓட்டிசமும்

தேர்த்திருவிழாக் காணச் செல்வோர் வடம் பிடித்து இழுப்போரையே பெரிதும் நோக்குவர். சில்லின் அருகே குனிந்தவாறு, கையிற் கட்டையோடு செல்லும் இருவர் மூவரைக் கவனிப்போர் சிலரே. தேரை நகர்த்தும் வலி வடம் பிடிப்போருடையது. ஆயினும், வீதி மூலையிலே தேர் திரும்புவதும், பள்ளத்தில் ஓடிவிடாது நிற்பதும், பழுதின்றி இருப்பிடம் சேர்வதும் கட்டை வைப்போரின் செயலாலேயே கைகூடுவன. மூளையைப் பற்றிய ஆராய்ச்சியும் நூறாண்டுக்கு மேலாக வடம் பிடிப்போரையே நோக்கி நின்றது. நரம்புக்கலங்களே சிந்தனைக்கும் உணர்ச்சிக்கும் மொழிக்கும் இருப்பிடம் என்றும், அவற்றைச் சூழ்ந்துள்ள பிற கலங்கள் வெறுந் தாங்கிகளே என்றும் அறிஞர் கருதினர். அக்கருத்து இன்று பெரிதும் மாறிவிட்டது. அம்மாற்றம் பல குடும்பங்களின் வாழ்வைத் தொடும் ஒரு நிலையைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் புதுவழி காட்டியுள்ளது. அந்நிலையே ஓட்டிசம் எனப்படுவது.

இஃது ஏட்டளவில் நின்றுவிடும் செய்தியன்று. கொழும்பிலே கிருலப்பனை, பாமன்கடை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளில் மாடிக் குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றிலே, இரண்டு வயது நிரம்பிய குழந்தை பேசவில்லை என்று கொள்வோம். பெயர் சொல்லி அழைத்தாலும் அது திரும்புவதில்லை. விளையாட்டு மோட்டாரின் சில்லை மட்டும் மணிக்கணக்காகச் சுழற்றிக்கொண்டிருக்கின்றது. உற்றார் கூறுவன பல. ஆண் குழந்தை பிந்தித்தான் பேசும் என்பார் ஒருவர். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒருங்கே காதில் விழுவதால் வந்த குழப்பம் என்பார் மற்றொருவர். தாய் வேலைக்குச் செல்வதே காரணம் என்பாரும், கிரகதோஷம் என்பாரும் உளர். இக்கூற்றுகளிற் பெரும்பாலானவை ஈற்றிலே தாயின் மீதே பழியாக வந்து விழுகின்றன. அப்பழிக்கு அறிவியலில் ஆதாரம் உண்டா என்னும் வினாவுக்கு விடை காண்பதற்கு, மூளையின் துணைக்கலங்களைப் பற்றிய அறிவு பெரிதும் துணை செய்யும்.

பெயரும் பழியும்

தன்னைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய ‘ஓட்டோஸ்’ என்பதிலிருந்து பிறந்தது ஓட்டிசம் என்னும் பெயர். மதியிறுக்கம் என்றும் தமிழில் அதனை வழங்குவர். 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிற் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர், பதினொரு குழந்தைகளின் நிலையை விரிவாக எழுதி வெளியிட்டார். பிறரோடு உறவாடுவதில் இடர்ப்பாடு, மொழியைப் பயன்படுத்துவதில் வேறுபாடு, மாறாத ஒழுங்கில் விருப்பம் என்பன அக்குழந்தைகளிடம் பொதுவாகக் காணப்பட்டன. அடுத்த ஆண்டில் வியன்னாவிலே ஹான்ஸ் அஸ்பேர்கர் இதனையொத்த சிறுவரைப் பற்றி எழுதினார். இவ்விருவருக்கும் முன்னரே, 1925ஆம் ஆண்டில், குரூனியா சுகரேவா என்னும் உருசிய மருத்துவப் பெண்மணி இத்தகைய பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தமை பிற்காலத்திலேயே பலருக்கும் தெரியவந்தது.

இந்நிலை பிறவியிலேயே அமைந்த ஒன்று என்னும் கருத்தைக் கானர் தம் முதற் கட்டுரையிலேயே கூறியிருந்தார். ஆயினும் அப்பெற்றோர் பலர் அன்பைப் புறத்தே காட்டாதவர் என்றும் அவர் குறித்தார். பின்வந்தோர் முன்னதை மறந்து பின்னதைப் பற்றிக்கொண்டனர். தாயின் உள்ளக் குளிர்ச்சியே குழந்தையை உள்ளொடுங்கச் செய்தது என்னும் கொள்கை 1950களிலும் 1960களிலும் மேனாடுகளில் ஓங்கி நின்றது. 1967ஆம் ஆண்டிலே புரூனோ பெற்றெல்ஹைம் எழுதிய நூல் அதனை மேலும் பரப்பியது. தாயர் பலர் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்தனர்.

இக்கொள்கையை மறுத்து 1964ஆம் ஆண்டிலே நூல் எழுதியவர் பேர்னாட் றிம்லன்ட். உளவியலறிஞரான அவர் ஓட்டிசமுடைய ஒரு மகனின் தந்தையுமாவார். 1977ஆம் ஆண்டில் சூசன் போல்ஸ்ரைன், மைக்கேல் றட்டர் ஆகிய இருவரும் பிரித்தானியாவில் இரட்டையர் 21 இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிறந்த 11 இணைகளுள் நான்கில் இருவருமே ஓட்டிசமுடையோராய் இருந்தனர். வேறு வேறு கருவிலிருந்து பிறந்த 10 இணைகளுள் ஒன்றிலேனும் அவ்வாறில்லை. வளர்ப்பிலன்றி மூளையின் வளர்ச்சியிலேயே காரணத்தைத் தேடல் வேண்டும் என்பது இதனாற் புலனாயிற்று. ஓட்டிசத்திலே பரம்பரையின் பங்கு நூற்றுக்கு 80 அளவினது எனப் பிற்காலப் பெரும் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

ஆயின், மூளையின் எப்பகுதியில், எக்கலத்தில், எச்செயலில் அவ்வேறுபாடு தோன்றுகின்றது? முதலில் தேடப்பட்டவை நரம்புக்கலங்களே. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று கலிபோர்னியாவிற் பணியாற்றிய வி. எஸ். இராமச்சந்திரன், பிறர் செயலைக் காணும்போது அச்செயலைத் தாமே செய்வதுபோல இயங்கும் ‘ஆடி நரம்புக்கலங்கள்’ ஓட்டிசத்திற் குன்றியிருக்கலாம் எனக் கருதினார். அக்கருத்துப் பலரையும் கவர்ந்தது. எனினும் பிந்திய சோதனைகள் அதற்கு ஒருமித்த ஆதரவை அளிக்கவில்லை. நரம்புக்கலங்களை மட்டும் நோக்கினாற் போதாது என்னும் எண்ணம் இதற்கிடையே வலுப்பெறலாயிற்று.

பசை எனப்பட்ட கலங்கள்

1856ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் றுடோல்ப் விர்க்கோ, மூளையில் நரம்புக்கலங்களுக்கிடையே உள்ள பொருளுக்கு ‘நியூரோகிளியா’ எனப் பெயரிட்டார். நரம்புப் பசை என்பது அதன் பொருள். 1873ஆம் ஆண்டிலே இத்தாலியரான கமிலோ கொல்கி வெள்ளியுப்பினால் இழையத்துக்கு நிறமூட்டும் முறையைக் கண்டார். ஸ்பானியரான சாந்தியாகோ ரமோன் கஹால் அம்முறையைக் கொண்டே நரம்புக்கலங்களின் அமைப்பை உள்ளங்கை நெல்லிக்கனிபோல் விளக்கினார். 1906ஆம் ஆண்டில் இருவரும் நோபெற் பரிசைப் பகிர்ந்தனர். அவர்தம் புகழொளியில் நரம்புக்கலம் முன்னின்றது, பசை பின்னின்றது. கஹாலின் மாணவர் வழி வந்த பீயோ தெல் ரீயோ ஓர்த்தேகா 1919ஆம் ஆண்டு தொடங்கிப் புதிய நிறமூட்டும் முறைகளைக் கையாண்டு, பசை எனப்பட்டது உண்மையிற் பலவகைக் கலங்களின் தொகுதி என நிலைநாட்டினார்.

நரம்புக்கலம் ஒன்றுக்குத் துணைக்கலம் பத்து எனப் பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. 2009ஆம் ஆண்டிற் பிரேசில் நாட்டு ஆய்வாளர், மூளை இழையத்தைக் கரைத்துக் கலங்களின் கருக்களை எண்ணும் முறையாற் கணக்கிட்டபோது, மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்களும் 8,500 கோடி பிற கலங்களும் உள்ளன எனக் கண்டனர். எனவே இருவகையும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையின. துணைக்கலங்களின் சிறப்பு எண்ணிக்கையிலன்றித் தொழிலிலேயே உள்ளது. அவற்றுள் முதன்மையானவை மூன்று.

முதலாவது உடுக்கலம். விண்மீன்போற் கதிர்விட்டிருத்தலின் இப்பெயர் பெறும். இதன் கதிர்களிற் சில குருதிக்கலன்களைத் தழுவி நிற்கும். வேறு சில நரம்பிணைப்புகளைச் சூழ்ந்து நிற்கும். நரம்பிணைப்பு என்பது ஒரு நரம்புக்கலத்தின் செய்தி மற்றொன்றுக்குச் செல்லும் நுண்ணிய இடைவெளி. செய்தி கொண்டுசெல்லும் குளுட்டமேற்று என்னும் பொருள் அங்கே மிகுந்து தேங்கினால் நரம்புக்கலம் நலியும். அதனை உடனுக்குடன் உறிஞ்சி இடைவெளியைத் தூய்மை செய்வதும், பொற்றாசியத்தின் அளவைச் சீர்ப்படுத்துவதும் உடுக்கலத்தின் தொழில். மனித மூளையில் ஓர் உடுக்கலம் 20 இலட்சம் வரையான நரம்பிணைப்புகளோடு தொடர்புறலாம் என மதிப்பிட்டுள்ளனர்.

இரண்டாவது சிறுகிளைக்கலம். இது தன் மென்றகட்டை நரம்புநாரின் மீது பல சுற்றாகச் சுற்றி மயலின் கவசத்தை அமைக்கின்றது. கவசமற்ற மெல்லிய நாரிலே செய்தி விநாடிக்கு ஒரு மீற்றர் அளவே செல்லும். கவசமுற்ற பருத்த நாரிலோ 100 மீற்றர் வரை செல்லக்கூடும். கவசமிடுதல் பிறப்போடு முடிவதன்று. இருபது வயதைக் கடந்தும் மூளையின் சில பகுதிகளில் அது நிகழ்ந்துகொண்டேயிருக்கும்.

மூன்றாவது நுண்துணைக்கலம். இது பிறப்பால் மூளைக்கு உரியதன்று. முளையத்தின் மஞ்சட்கருப் பையிலே தோன்றி, மூளை உருப்பெறும் தொடக்கக் காலத்திலேயே அங்குச் சென்று குடியேறுகின்றது. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் நிர்ப்பீடனக் குலத்தைச் சேர்ந்த இக்கலம், நோயுற்ற காலத்தில் மட்டுமே விழித்தெழும் காவலாளி என முன்னர்க் கருதப்பட்டது. 2005ஆம் ஆண்டில், உயிருள்ள சுண்டெலியின் மூளையை நுணுக்குக்காட்டியால் நோக்கிய இரு ஆய்வுக் குழுவினர், நலமுற்ற மூளையிலும் இக்கலம் ஓயாது தன் கிளைகளை நீட்டியும் சுருக்கியும் அயலைத் துழாவுவதைக் கண்டனர்.

கலங்கள் உரையாடும் வகை

தனித்தனியே நிற்கும் கலங்கள் ஓருடம்பாய் இயங்குவதற்கு அவற்றிடையே செய்திப் போக்குவரத்து வேண்டும். ஒரு கலம் வெளிவிடும் பொருள் மற்றொரு கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கி என்னும் புரதத்திற் பொருந்துகின்றது. பூட்டிலே திறப்பு நுழைந்தாற்போன்ற அப்பொருத்தத்தால் உட்பக்கத்திலுள்ள புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி, ஈற்றிலே கலத்தின் செயலை மாற்றுகின்றன. இதுவே கலச்சைகை எனப்படும். நரம்புக்கலங்களே பேசும், துணைக்கலங்கள் ஊமை என்றிருந்த எண்ணம் 1990ஆம் ஆண்டிலே தளர்ந்தது. அவ்வாண்டில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர், குளுட்டமேற்றுப் பட்டதும் உடுக்கலங்களிடையே கல்சிய அலை எழுந்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவுவதைக் கண்டனர். 2005ஆம் ஆண்டில், உடுக்கலங்கள் வெளிவிடும் ஒருவகைப் புரதம் நரம்பிணைப்புகள் தோன்றுவதற்கே துணைசெய்கின்றது என ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பென் பாரெஸ் குழுவினர் காட்டினர்.

நரம்பிணைப்புகளை ஆக்குவதோடு அழிப்பதும் மூளை வளர்ச்சியின் ஒரு கூறு. இது கேட்போருக்கு வியப்பாகலாம். 1979ஆம் ஆண்டில் சிக்காகோவிலே பீற்றர் ஹற்றன்லொக்கர், பல வயதினரின் மூளை இழையத்தில் நரம்பிணைப்புகளை எண்ணினார். குழந்தைப் பருவத்தின் முதலிரு ஆண்டுகளில் அவற்றின் செறிவு உச்சம் பெற்று, பின் பதினாறு வயது வரையிற் படிப்படியாகக் குறைகின்றது என்பது அவர் கண்ட முடிபு. தோட்டக்காரன் மிகுதியாகத் தளிர்த்த வேலியைக் கத்தரித்து உருவாக்குவதுபோல, பயன்படும் இணைப்புகள் நிலைக்கப் பயன்படாதவை நீக்கப்படுகின்றன. மொழியும் பழக்கமும் உறவும் குழந்தையின் மூளையிற் பதியும் காலமும் இதுவே.

கத்தரிப்போர் யாவர்? 2007ஆம் ஆண்டில் பெத் ஸ்ரீவன்ஸ், பாரெஸ் முதலியோர் இவ்வினாவுக்கு எதிர்பாராத விடை கண்டனர். குருதியிலே கிருமிகளுக்கு அடையாளமிட்டு அவற்றை விழுங்கச் செய்யும் நிரப்புப் புரதங்கள், வளரும் மூளையில் நீக்கத்தக்க நரம்பிணைப்புகளுக்கும் அடையாளமிடுகின்றன. அடுத்து 2011, 2012ஆம் ஆண்டுகளில் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள், நுண்துணைக்கலங்கள் நரம்பிணைப்பின் பகுதிகளை விழுங்குவதைச் சுண்டெலிகளிற் காட்டின. நரம்புக்கலம் வெளிவிடும் ‘பிரக்டல்கைன்’ என்னும் சைகைப் பொருளும், நுண்துணைக்கலத்திலுள்ள அதன் வாங்கியும் இதிற் பங்குகொள்கின்றன. அவ்வாங்கியை இழந்த சுண்டெலிகளை 2014ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, அவற்றின் மூளைப் பகுதிகளுக்கிடையே தொடர்பு குன்றியிருந்தது. அவை பிற எலிகளோடு பழகுவதிற் பின்னின்றன. தம் மயிரைத் திரும்பத் திரும்பக் கோதிக்கொண்டன. நரம்புக்கலத்தின் பரம்பரையலகு பழுதுறாமலே, துணைக்கலத்தின் ஒரு வாங்கி இன்மையால் மட்டும் இத்தகைய நடத்தை தோன்றக்கூடும் என்பது இவ்வாராய்ச்சியின் முதன்மையான பயன்.

ஓட்டிசமுடையோர் மூளையிற் கண்டவை

சுண்டெலியிற் கண்டது மனிதனுக்கும் பொருந்துமா என்பது அடுத்த வினா. கானர் பதினொரு குழந்தைகளை விவரித்த அதே ஜோன்ஸ் ஹொப்கின்சில், அறுபத்திரண்டு ஆண்டுகளின் பின், 2005ஆம் ஆண்டில் டயானா வர்காஸ், கார்லோஸ் பார்தோ முதலியோர், இறந்த பின் ஆராய்ச்சிக்கு அளிக்கப்பட்ட மூளைகளை ஆராய்ந்தனர். ஓட்டிசமுடையோர் மூளைகள் அவற்றுள்ளும் பதினொன்றே. உடுக்கலங்களும் நுண்துணைக்கலங்களும் கிளர்ச்சியுற்ற நிலையில் இருந்தமையை, சிறப்பாகச் சிறுமூளையில், அவர்கள் கண்டனர். 2011ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர் மூளையிலே எப்பரம்பரையலகுகள் மிகுந்தும் குறைந்தும் தொழிற்படுகின்றன என அளந்தனர். நரம்பிணைப்புத் தொடர்பானவை குறைந்தும், துணைக்கலங்களையும் நிர்ப்பீடனத்தையும் சார்ந்தவை மிகுந்தும் இருந்தன. 2019ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் தனிக்கலங்களையே பிரித்தெடுத்து ஆராய்ந்தபோது, பெருமூளை மேற்படையின் மேலடுக்கிலுள்ள நரம்புக்கலங்களிலும் நுண்துணைக்கலங்களிலும் மாற்றம் மிகுதியாகத் தென்பட்டது.

கத்தரித்தல் குறைந்தால் என்னாகும் என்பதற்கு 2014ஆம் ஆண்டில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு ஒரு சான்றாகும். ஏனையோரில், குழந்தைப் பருவத்திலிருந்து பதின்ம வயது வரையில் நரம்பிணைப்பு முள்களின் செறிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஓட்டிசமுடையோரிலோ நூற்றுக்கு 16 அளவே குறைந்தது. கலத்தினுள் கழிவை அகற்றும் செயல் குன்றியமையும், அச்செயலை அடக்கும் எம்-ரோர் என்னும் சைகைவழி மிகுந்து தொழிற்பட்டமையும் அம்மூளைகளிற் காணப்பட்டன.

எம்-ரோர் என்னும் பெயருக்குப் பின் ஒரு வரலாறு உண்டு. 1964ஆம் ஆண்டிலே பசிபிக் சமுத்திரத்தின் ராப்பா நூயித் தீவிலிருந்து எடுத்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ‘ராப்பாமைசின்’ என்னும் பொருளைப் பிரித்தெடுத்தவருள் முதன்மையானவர், இந்திய வம்சாவளியினரான சுரேந்திர நாத் சேகல். கலத்தின் வளர்ச்சியை ஊக்கும் ஒரு புரதத்தை அப்பொருள் தடுக்கின்றது எனப் பின்னர் அறிந்து, அப்புரதத்துக்கு அதன் பெயரையே சார்த்தினர். கட்டிகள் பல தோன்றும் ரியூபரஸ் ஸ்கிளரோசிஸ் என்னும் பிறவி நோயில், இச்சைகைவழிக்குத் தடையாயுள்ள பரம்பரையலகு பழுதுறுகின்றது. அந்நோயுற்றோருள் நூற்றுக்கு 40 முதல் 50 வரையானோரிடம் ஓட்டிசம் காணப்படும் எனக் கூறுவர். சில்லுக்குக் கட்டை வைப்போர் இல்லாத தேரைப் போன்றது தடையிழந்த சைகைவழி.

சைகையின் அளவு மட்டுமன்று, அதன் காலமும் முதன்மையானது. 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிளமென்ற் முதலியோர், சின்காப்-1 என்னும் பரம்பரையலகில் ஒருபடி குன்றிய சுண்டெலிகளில், நரம்பிணைப்பு முள்கள் உரிய காலத்துக்கு முன்னரே முதிர்ந்துவிட்டமையைக் கண்டனர். கற்கவேண்டிய பருவம் கற்பதற்கு முன்னரே மூடிக்கொண்டது போன்ற நிலை அது. கிளமென்ற் பின்னர்ப் பெங்களூரிலுள்ள ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு நிலையத்தில் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார்.

காரணமோ விளைவோ

இத்துணைச் சான்றுகளைக் கண்டதும், ஓட்டிசத்தின் காரணம் துணைக்கலமே என முடிவுகட்டுதல் அவசரமாகும். இறந்தோரின் மூளைகள் ஆராய்ச்சிக்குக் கிடைப்பது அரிது, கிடைத்தவையும் சிலவே. அவர்களுட் சிலர் வலிப்பும் உடையோர். வலிப்பே துணைக்கலங்களைக் கிளர்ச்சியுறச் செய்ய வல்லது. தீப்பற்றிய வீட்டிலே நீருடன் நிற்போரைக் கண்டு அவரே தீ வைத்தார் என்னலாகாது. 2020ஆம் ஆண்டில் வெளியான பெரும் ஆய்வொன்று ஓட்டிசத்தோடு தொடர்புடைய 102 பரம்பரையலகுகளை இனங்கண்டது. அவற்றுட் பெரும்பாலானவை வளரும் நரம்புக்கலங்களிலேயே தொழிற்படுவன. எனவே, வேறுபாடு பலரிடம் நரம்புக்கலத்திலே தொடங்கித் துணைக்கலத்தின் மறுமொழியால் வளர்கின்றது எனக் கொள்வதே இன்றைய அறிவுக்குப் பொருத்தமாகும். ஓட்டிசம் ஒரே காரணத்தாற் பிறக்கும் ஒரே நிலையும் அன்று. வழி பல, அவை சென்று சேரும் தோற்றம் ஒன்றுபோல் இருத்தலின் ஒரு பெயர் வழங்குகின்றது.

அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் முறைக்கும் இத்துறையில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஓட்டிசத்தை ஓரளவு ஒத்த றெற் என்னும் நோய், பெரும்பாலும் பெண் குழந்தைகளைப் பற்றுவது. அதற்குக் காரணமான பரம்பரையலகை 1999ஆம் ஆண்டில் ஹுடா சொக்பி குழுவினர் கண்டனர். 2011ஆம் ஆண்டில், அப்பரம்பரையலகை உடுக்கலங்களில் மட்டும் மீட்டபோது சுண்டெலிகளின் நிலை தேறியது. 2012ஆம் ஆண்டில் வேறொரு குழுவினர், என்பு மச்சையை மாற்றி நுண்துணைக்கலங்களைப் புதுப்பித்தால் நோயின் வளர்ச்சி நிற்கும் என அறிவித்தனர். பெற்றோர் பலர் பெருநம்பிக்கை கொண்டனர். ஆயின் 2015ஆம் ஆண்டில், பிற ஆய்வுகூடங்கள் அச்சோதனையைத் திரும்பச் செய்தபோது அப்பயன் கிட்டவில்லை எனத் தெரிவித்தன. முந்திய அறிவிப்பை நம்பிக் குழந்தைகளுக்கு அக்கடிய சிகிச்சையைச் செய்திருந்தால் விளைந்திருக்கக்கூடிய கேடு சிறிதன்று.

மருந்துகளின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. நுண்துணைக்கலங்களின் கிளர்ச்சியைத் தணிக்கும் எனக் கருதப்பட்ட மினோசைக்கிளின் என்னும் மருந்தைச் சில சிறுவருக்கு அளித்து நடத்திய சோதனை 2013ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களிற் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. எம்-ரோர் வழியைத் தடுக்கும் எவரோலிமஸ், ரியூபரஸ் ஸ்கிளரோசிஸ் நோயிலே கட்டிகளையும் வலிப்பையும் குறைக்கின்றது. ஆயினும் 2017ஆம் ஆண்டில் வெளியான சோதனையில், அறிவாற்றலிலும் நடத்தையிலும் எதிர்பார்த்த பயனை அது தரவில்லை. எலியில் வென்ற மருந்து குழந்தையில் வெல்லும் என்பதற்கு உறுதி இல்லை. இக்காரணத்தாலேயே, மூலக்கலச் சிகிச்சையை ஓட்டிசத்துக்குப் பரிந்துரைத்தலாகாது என இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணைக்குழு 2022ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. கடன்பட்டும் நகை விற்றும் அத்தகைய சிகிச்சையைத் தேடி ஓடும் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

இல்லத்துக்கும் பள்ளிக்கும் உரியது

அவ்வாறாயின், துணைக்கலங்களின் ஆராய்ச்சியாற் கிருலப்பனைக் குடும்பத்துக்கு இன்று பயன் யாது? மருந்து இல்லை, எனினும் பயன் இரண்டு உண்டு.

முதலாவது, பழி நீங்குதல். நுண்துணைக்கலம் மூளையிற் குடியேறுவது கருப்பையிலே, தாய் தன் குழந்தையின் முகத்தைக் காண்பதற்குப் பல மாதங்கள் முன்னர். நரம்பிணைப்புக்கு அடையாளமிடும் புரதமும், அதனை நீக்கும் சைகையும் எவருடைய அன்பின் குறைவாலும் பிழைத்தவை அல்ல. தாய் வேலைக்குச் செல்வதும், வீட்டிலே மும்மொழி வழங்குவதும் ஓட்டிசத்தை உண்டாக்குவதில்லை. இருமொழிச் சூழலில் வளரும் ஓட்டிசமுடைய குழந்தைகள் அதனால் மேலும் பின்தங்குவதாகவும் ஆய்வுகள் காட்டவில்லை. பேரன் பேர்த்தியோடு தமிழிற் பேசுவதைப் பாட்டி நிறுத்தவேண்டியதில்லை. தடுப்பூசியே காரணம் என 1998ஆம் ஆண்டில் எழுந்த கூற்றும் பொய்யெனக் கண்டு, அதனை வெளியிட்ட மருத்துவ ஏடே 2010ஆம் ஆண்டில் அக்கட்டுரையை மீளப்பெற்றுக்கொண்டது.

இரண்டாவது, காலத்தின் அருமை புலனாதல். நரம்பிணைப்புகள் பெருகியும் கத்தரிக்கப்பட்டும் உருப்பெறும் பருவமே பயிற்சி எளிதிற் பதியும் பருவம். பள்ளிக்குப் போனாற் சரியாகிவிடும் என மூன்றாண்டு காத்திருத்தல் அப்பருவத்தை இழப்பதாகும். பன்னிரண்டு மாதத்திற் பெயருக்குத் திரும்பாமை, பதினெட்டு மாதமளவில் விரும்பிய பொருளை விரலாற் சுட்டிக் காட்டாமை, கற்ற சொற்களை இழத்தல் என்பன பெற்றோர் கருத்தூன்றவேண்டிய குறிகள். ஒவ்வொரு தாயிடமும் உள்ள சிறுவர் சுகாதார விருத்திப் பதிவேட்டிலே குழந்தையின் வளர்ச்சிப் படிகளைக் குறிப்பதற்கு இடமுண்டு. நிறையைக் குறிக்கும் அதே கவனத்தோடு இவற்றையும் நோக்குதல் வேண்டும்.

இலங்கையிலேயே இதற்கு வழிகாட்டிய ஆராய்ச்சி உண்டு. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் துணைவரும் அரைநகர்ப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாதம் வரையான 374 குழந்தைகளை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் முடிபை வெளியிட்டனர். 93 குழந்தைகளுக்கு ஒன்று என்பது அவர்கள் கண்ட விகிதம். தொகை சிறிதாதலின் நாடு முழுவதற்கும் இதனை அப்படியே கொள்ளலாகாது. ஆயினும், 2021ஆம் ஆண்டில் உலகிலே 127 பேருக்கு ஒருவர் என உலக சுகாதார நிறுவனம் கூறும் மதிப்போடு ஒப்பிடின், ஓட்டிசம் மேனாட்டுக்கே உரிய ஒன்றன்று என்பது தெளிவாகும். மேனாட்டு வினாக்கொத்து ஈழத்துத் தாய்மாரிடம் செவ்வையாகப் பயன்படவில்லை என்பதும் அவ்வாய்வின் படிப்பினைகளுள் ஒன்று. அதனால், நடத்தைகளைப் படமாகக் காட்டி வினவும் முறையொன்றை அவர்கள் அமைத்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பெற்றோர் வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிமுறையால் குழந்தைகள் பயன் பெறுவதையும் அக்குழுவினரின் ஆய்வு காட்டியது. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்கு வேண்டியதில்லை. குழந்தையின் முகமட்டத்தில் அமர்ந்து விளையாடுதலும், அது நோக்கும் பொருளின் பெயரைச் சொல்லுதலும், அதன் மறுமொழிக்குப் பொறுத்திருத்தலுமே இத்தகைய பயிற்சியின் அடிப்படை. கிருலப்பனையிலிருந்து எளிதிற் செல்லத்தக்க பொரளைச் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் அறிவுரை பெறலாம்.

ஆசிரியர்க்கும் இதிற் கடமை உண்டு. வகுப்பின் இரைச்சலில் காதைப் பொத்தும் மாணவன் அடங்காதவன் அல்லன். ஒலி அவனுக்கு நோவாகின்றது. நேரசூசி திடீரென மாறியதும் அழுபவன் பிடிவாதக்காரன் அல்லன். ஒழுங்கின் மாற்றம் அவனுக்கு நிலநடுக்கம் போன்றது. மாற்றத்தை முன்னரே படத்தாலும் சொல்லாலும் அறிவித்தல், குறுகிய தெளிவான வாக்கியத்தில் ஏவுதல், ஒதுங்கியிருக்க ஓர் அமைதியான மூலையை அளித்தல் ஆகிய சிறு செயல்கள் அவன் கல்வியைக் காக்கும். உடன்பயிலும் மாணவர் அவனை எள்ளாது ஆட்டத்திற் சேர்த்துக்கொள்வாராயின், அதனினும் நல்ல பயிற்சி பிறிதில்லை. ஓட்டிசமுடையோர் குழந்தைகளாகவே இருந்துவிடுவதில்லை என்பதையும் மறத்தலாகாது. அவர்கள் வளர்ந்து தொழிலும் துணையும் மதிப்பும் நாடும் மாந்தராகின்றனர். அவர்தம் இயல்பை அழித்து வேறொருவராக்குவதன்று நோக்கம். அவர்தம் வாழ்வுக்கு இடையூறாவனவற்றைக் குறைப்பதே நோக்கமாதல் வேண்டும்.

பசை என்று ஒதுக்கப்பட்ட கலங்கள் மூளையைச் செதுக்கும் கைகள் என அறிவதற்கு நூற்றைம்பது ஆண்டு சென்றது. அவற்றின் சைகைமொழி முழுவதும் இன்னும் விளங்கவில்லை. அதனை விளக்கும் பணி, இன்று கல்லூரியின் உயிரியல் ஆய்வுகூடத்திலே வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியில் நோக்கும் மாணவருள் ஒருவருக்கு வாய்த்தலும் கூடும். அதுவரையிற் செய்யத்தக்கது எல்லோர்க்கும் எளியது. பேசாத குழந்தையின் தாயைப் பழியாது, காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் செல்லுமாறு அன்போடு கூறுதலே அது.